சிவப்பு விலகும்வரை

ஜூன் 3, செவ்வாய்

மயக்க மருந்து டாக்டர்கள் கூட்டம் என்று பொய் சொல்லிவிட்டுக் கோயமுத்தூர் போய், என் வலது தோளை ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்தேன். நினைத்ததுதான். தோளைத் தூக்கும் தசைநார் எலும்பிலிருந்து முக்கால்வாசி பிய்ந்திருக்கிறது. படத்தைப் பார்த்த டாக்டருக்கு என் மகன் வயதுதான் இருக்கும். "தீபாவளியைத் தாண்ட வேண்டாம் மேடம். நார் சுருங்கிட்டா அப்புறம் இழுத்துத் தைக்க வராது" என்றார். ரொம்ப மரியாதையாகச் சொன்னார். லிஃப்டில் யாரும் இல்லாததால் கொஞ்சம் அழுதேன்.

மூர்த்தியிடம் சொல்லப்போவதில்லை, இப்போதைக்கு. என் வீட்டுக்காரர் எலும்பு டாக்டர், நான் மயக்க மருந்து டாக்டர். உடுமலையில் இருபது கட்டில் போட்ட ஆஸ்பத்திரி எங்களுடையது. கல்யாணமான நாளிலிருந்து அவர் அறுக்கிறார், நான் தூங்க வைக்கிறேன். என் தோளுக்கு வெளியே போனால் பஸ் ஸ்டாண்டிலிருந்து பழனி ரோடு வரைக்கும் அதுவே பேச்சாக இருக்கும். சொந்தப் பெண்டாட்டியையே கோயமுத்தூருக்கு அனுப்பிவிட்டார், நாம் எப்படி அங்கே போவது என்பார்கள். சரி, அவரிடமே காட்டலாம் என்றால், போன வருஷம்தான் புனே போய்த் தோளுக்குக் கேமரா ஆபரேஷன் கற்றுக்கொண்டு வந்தார். இதுவரை செய்தது ஐந்து. அதில் மூன்று பாதியில் நின்றுபோய், தோளைக் கத்தியால் திறந்து முடித்தவை. கையைக் குறை சொல்ல முடியாது. உள்ளே ரத்தம் கசிந்து திரை முழுக்கச் சிவப்பாகிவிடுகிறது. கண் தெரியாமல் எவ்வளவு நல்ல கைக்கும் என்ன வேலை?

ஆகவே முடிவு செய்துவிட்டேன். என் தோள் இந்த ஊரில், எங்கள் தியேட்டரில், சின்ன ஓட்டை வழியாகத்தான் தைக்கப்படும். அதற்கு முன்னால் அந்த மனுஷனுக்கு உள்ளே தெளிவாகத் தெரிந்தாக வேண்டும். தெரிய வைக்கிறேன்.

இட்லி மாவு வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

இன்றைக்குத் தோள் ஆபரேஷன். செல்லாத்தாள், அறுபது வயது தாண்டியவர், மடத்துக்குளம் பக்கம் தென்னந்தோப்பு. மட்டை இழுத்து இழுத்தே தோள் போய்விட்டது. ஓட்டை போட்டு எப்படிங்க உள்ளே பார்ப்பீங்க என்று அவருடைய மகள் கேட்டாள். தோளில் பேனா நுழையும் அளவுக்கு மூன்று நான்கு ஓட்டை போடுவோம், ஒன்றில் கேமரா, மற்றதில் கருவிகள் போகும், மேலே தொங்கும் சலைன் பைகளிலிருந்து தண்ணீர் உள்ளே போய் இடத்தை விரித்துப் பிடிக்கும், ரத்தத்தையும் கழுவிவிடும், டாக்டர் டிவியைப் பார்த்துத் தைப்பார் என்றேன். "மீன் தொட்டியாட்டங்களா?" என்றாள். ஏறக்குறைய அப்படித்தான்.

பாதியில் சிவந்தது. "மங்கை, ப்ரஷரைக் குறை" என்றார் மூர்த்தி. ரத்த அழுத்தம் குறைந்தால் கசிவும் குறையும், அது உண்மை. மருந்தைக் கூட்டிக் குறைத்தேன். கொஞ்ச நேரம் தெரிந்தது, மறுபடி சிவப்பு. "இன்னும் குறை." குறைத்தேன். "இன்னும் கொஞ்சம், இதோ முடிச்சுர்றேன்." இந்த ஆபரேஷனில் பேஷண்ட் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருப்பார். தலை மேலே, இதயம் கீழே. கையில் கட்டிய பட்டை தொண்ணூறு என்று காட்டினால் மூளைக்குப் போய்ச் சேர்வது எழுபதுதான். படித்த நாளிலிருந்து தெரியும் எனக்கு. தெரிந்தும் குறைத்தேன், அவர் குரலில் இருந்த தவிப்பு அப்படி. கடைசியில் திறந்துதான் தைத்தார்.

செல்லாத்தாள் எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. கண்ணைத் திறந்தும் எதிரே நின்ற மகளைத் தன் தங்கச்சி பேர் சொல்லிக் கூப்பிட்டார். சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நான் கட்டிலை விட்டு நகரவில்லை. சாயங்காலம்தான் மகளை அவளுடைய பேர் சொல்லி, கோழியை அடைத்தாயா இல்லையா என்று திட்டினார். அந்தத் திட்டு காதில் விழுந்த பிறகுதான் பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தேன்.

ஜூன் 7, சனி

செல்லாத்தாள் நன்றாக இருக்கிறார். மூன்று இட்லி சாப்பிட்டுவிட்டுச் சட்னியில் உப்பு இல்லை என்று புகார். "ஏனுங் டாக்டரம்மா, என்ன மருந்துங்க அது, எங்கியோ போயிட்டு வந்தாப்ல இருந்துச்சு" என்றார். அசடு வழியச் சிரித்துவைத்தேன்.

வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டே சொன்னேன். "இனிமே ப்ரஷரை நூத்துக்குக் கீழே நான் குறைக்க மாட்டேன்."

"அப்புறம் எனக்கு உள்ள எப்படித் தெரியும்?"

"அதுக்கு வேற வழி பாக்கணும்."

"ஊர்ல எல்லாரும் குறைக்கத்தான் செய்யறாங்க. உனக்குத்தான் பயம்."

"பயம்தான். தூங்கறவங்க வேண்டாம்னு சொல்ல முடியாது. அவங்களுக்காகச் சொல்ல அந்த ரூம்ல நான் ஒருத்திதான் இருக்கேன்."

தோசையைப் பாதியில் விட்டு எழுந்து போனார். அந்தப் பாதித் தோசையையும் சேர்த்து நானே தின்றேன். எனக்குக் கோபம் வந்தால் பசி கூடிவிடும்.

ஜூன் 8, ஞாயிறு

பேச்சு வார்த்தை இல்லை. உப்புமா.

ஜூன் 19, வியாழன்

மனுஷனுக்கு என்னமோ ஆகிவிட்டது. பத்து நாளாகக் காரை என்னை ஓட்ட விடுவதில்லை, என் கியர் சத்தம் அவருக்குத் தலைவலி தருகிறதாம். இன்று தியேட்டரில் பேஷண்டைக் கட்டில் மாற்றும்போது வழக்கம்போல் தலைப்பக்கம் பிடிக்கப் போனேன். "நீ தள்ளு, குறுக்க வராதே" என்று என்னை ஒதுக்கிவிட்டு அவரே பிடித்தார். பிலோமினா சிஸ்டர் முன்னாலேயே. தியேட்டர் பொறுப்பு முழுக்க அந்தம்மாவிடம்தான், அவர் முன்னால் இப்படிப் பேசினால் எனக்கு என்ன மரியாதை?

திரும்பி வரும்போது காரில் குண்டைத் தூக்கிப் போட்டார். "தோளுக்கு இனிமே கேமரா வேண்டாம் மங்கை. எல்லாத்தையும் திறந்தே பண்ணிடறேன். செல்லாத்தாளம்மாவுக்கு ஆனதே போதும்."

திறந்தால் மேல் தசையைப் பிரித்துத்தான் உள்ளே போக வேண்டும். தேற அதிக நாளாகும். என் கை மறுபடி மயக்கத்தில் இருக்கும் பேஷண்டின் தாடையைத் தூக்கிப் பிடிக்குமா என்று யார் உத்தரவாதம் தருவது? "தீபாவளி வரைக்கும் டைம் குடுங்க. நான் ஒரு வழி பண்றேன்" என்றேன்.

"எதுக்குத் தீபாவளி?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டியை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் மினி பஸ்காரன் ஹாரன் அடித்து மானத்தை வாங்கினான்.

ஜூன் 22, ஞாயிறு

ஆபரேஷன் எல்லாம் தியேட்டர் லேப்டாப்பில் பதிவாகிறது. மைக்கை யாரும் அணைப்பதில்லை, அதனால் சத்தமும் சேர்ந்தே பதிவாகும். தோள் ஆபரேஷன் ஆறையும் போட்டுப் பார்த்தேன். ஒரு கையில் முறுக்கு, ஒரு கையில் மவுஸ். மவுஸ் இடது கையில், இப்போது அதுதான் சௌகரியம்.

முதல் தடவை சிவப்பைத்தான் பார்த்தேன். இரண்டாவது தடவை, சிவப்பு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு சத்தம் கேட்டது. கிறீச் என்று இரும்பு ஸ்டூலை இழுக்கும் சத்தம். தியேட்டரில் உதவிக்கு இருக்கும் சின்னராசு சலைன் பை மாற்ற ஸ்டூலில் ஏறுகிறார். ஆறு பதிவிலும் தேடினேன். பெரிய சிவப்பு வந்த இடத்தில் எல்லாம் அதற்குச் சற்று முன் கிறீச்.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. இரண்டு பையையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுகிறோம். இரண்டும் ஒரே நேரத்தில் காலி. புதுப் பை மாட்டும்வரைக்கும் தோளுக்குள் தண்ணீரின் அழுத்தமே இல்லை, அதுவரை அடங்கிக் கிடந்த சின்ன ரத்தக்குழாய் எல்லாம் வாயைத் திறந்துகொள்கிறது. அந்த நேரத்தில் மூர்த்தி கத்துகிறார், மங்கை குறை என்று. நான் குறைக்கிறேன். அதற்குள் புதுப் பை ஓட ஆரம்பித்துத் தெளிகிறது. நாங்கள் இருவரும் மருந்தால் தெளிந்தது என்று நினைத்துக்கொள்கிறோம்.

கேட்டுக்கொண்டே இருந்தேன், முறுக்கு தீர்ந்துபோயிற்று.

ஜூலை 2, புதன்

பத்து நாள் நல்ல நேரம் பார்த்து இன்று சொன்னேன். நல்ல நேரம் என்று ஒன்று அவரிடம் கிடையாது, அது வேறு விஷயம்.

"சின்னராசு தப்புங்கறியா?"

"அவரு என்ன பண்ணுவாரு? ரெண்டையும் ஒண்ணாத் திறக்கச் சொல்றது நீங்க."

சின்னராசு அங்கேதான் துடைத்துக்கொண்டிருந்தார். இந்த ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து இருக்கிறவர். "ஆமாங் சார், நீங்க மாத்துன்னு சொன்னாத்தானுங் நான் ஏறுவன்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். மூர்த்தி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரவுண்ட்ஸ் போய்விட்டார்.

மத்தியானம் பார்த்தால் பேப்பர் ஓரத்தில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருக்கிறார். எட்டிப் பார்த்தேன். இரண்டு பை, நடுவில் ஒரு குழாய்த் திருகு. ஒன்று பாதி இறங்கினதும் அடுத்ததைத் திறப்பதற்கு. நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு ராசிபலன் படிக்கிற மாதிரி பாவனை செய்தார்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. தள்ளிப்போடக்கூடிய ஆபரேஷனை எல்லாம் சனம் ஆவணிக்குத் தள்ளிவிட்டது. தியேட்டர் காற்று வாங்குகிறது. இதைவிட நல்ல சமயம் எனக்குக் கிடைக்காது.

தோளுக்குப் பதிலாக, கடையில் வாங்கின பெரிய மிட்டாய் பாட்டிலில் சூடான கம்பியால் நாலு ஓட்டை போட்டேன். ஒன்றில் கேமரா, ஒன்றில் சலைன் குழாய், ஒன்றில் கருவி, ஒன்று சும்மா. உள்ளே ஒரு துண்டுக் கோழித் தொடையை வைத்து, ஊசியால் பீட்ரூட் சாற்றைக் கசியவிட்டேன். மூர்த்தி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நம்பிக்கை இல்லாதபோது அப்படித்தான் நிற்பார்.

சும்மா விட்ட ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வெளியே போயிற்று. போகிற வேகத்தில் உள்ளே ஒரு சுழல். சிவப்பு கோழியிலிருந்து நூல் நூலாக இழுபட்டு எங்கும் கலந்தது. "இப்ப என்ன பண்ணுவீங்க?" என்றேன்.

"சலைனை இன்னும் உசத்துவேன்."

உயர்த்தினோம். வேகம்தான் கூடியது, சிவப்பும் கூடியது. "சிஸ்டர், அந்த ஓட்டையை விரலால அடைங்க" என்றேன். பிலோமினா அடைத்தார். சுழல் நின்றது. சிவப்பு அப்படியே கீழே படிந்து, கோழித் தொடையின் நரம்புகூடத் தெரிந்தது.

மூர்த்தி கட்டிய கையை அவிழ்த்தார். "எடுங்க." எடுத்தார், சுழன்றது. "வைங்க." வைத்தார், நின்றது. எடுங்க வைங்க என்று அந்தம்மாவை அரை மணி நேரம் பாடாய்ப் படுத்தினார். "சார், எனக்கு விரல் ஊறிப்போச்சு, சாயங்காலம் கோயிலுக்குப் போகணும்" என்று பிலோமினா கெஞ்சின பிறகுதான் விட்டார். விரல் நுனி பீட்ரூட் நிறத்தில் சர்ச்சுக்குப் போயிருப்பார் பாவம்.

கோழியை மறக்காமல் குப்பையில் போட்டேன்.

ஜூலை 31, வியாழன்

பீர் முகமது. தளி ரோட்டில் பரோட்டா மாஸ்டர். "எங்களுக்கு ஆடி ஏதுங்க டாக்டர், எனக்கு வீச்சு நின்னு மூணு மாசம் ஆச்சு" என்று வந்து நின்றார். மடியில் விழுந்த பழம்.

ஆரம்பிக்கும் முன்பே கசிவைக் குறைக்கும் ஊசி போட்டேன். வலியால் அழுத்தம் எகிறாதபடி கழுத்தில் நரம்புக்கு மரத்துப்போகும் ஊசி. ரத்தக்குழாய் சுருங்கச் சலைனில் துளி அட்ரினலின். பைகளை முன்பின்னாகத் திறக்கச் சின்னராசுவுக்குச் சொல்லியாயிற்று. பிலோமினா விரலோடு தயார்.

நார் தெரிந்தது. கிழிசலின் ஓரம் தெரிந்தது. என் தோளிலும் இப்படித்தானே இருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் எலும்பைச் சுரண்டும்போது சிவந்தது.

"மங்கை, கொஞ்சம்..."

"மாட்டேன்."

"கொஞ்சம்தான் கேக்கறேன்."

"நூத்துக்குக் கீழே மாட்டேன். பக்கத்து ஓட்டை ஒழுகுது பாருங்க."

பிலோமினா அடைத்தார். மூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். சிவப்பு மெல்ல விலகிற்று. கடைசி முடிச்சு வரைக்கும் ஓட்டை வழியாகவே முடிந்தது. பீர் முகமது கண் விழித்ததும், "டாக்டர், மாவு பிசையலாமுங்களா?" என்றார். நாலு மாதம் ஆகும் என்றேன்.

மூர்த்தி டீயை நின்றுகொண்டே குடித்தார், உட்கார முடியவில்லை அவருக்கு. சந்தோஷமாக இருந்தது எனக்கு. வெட்கமில்லாமல் எழுதுகிறேன், பாதிச் சந்தோஷம் எனக்காக.

ஆகஸ்ட் 2, சனி

ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். மேல் தட்டிலிருந்து பெருங்காய டப்பாவை எடுக்க ஸ்டூலைத் தேடினேன். மூர்த்தி வந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, அங்கேயே நின்றார்.

"உன் தோளை எப்பக் காட்டப்போறே?"

புளித் தண்ணீர் கையிலேயே இருந்தது. "எந்தத் தோள்?" என்றேன் முட்டாள் மாதிரி.

"போன வருஷப் பொங்கலுக்கு முன்னாடியே தெரியும் மங்கை. ஜாக்கெட் போட இடது கையால வலது கையைத் தூக்கி விடறே. நீயாச் சொல்லுவேன்னு பாத்தேன். நீ சொல்ற வழியாக் காணோம்."

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டு? அப்ப எனக்கு அந்த ஆபரேஷன் தெரியாது." கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினார். "அம்பத்தஞ்சு வயசுல சின்னப் பசங்களோட போய் பெஞ்சுல உட்கார்ந்து எதுக்குக் கத்துக்கிட்டேன்னு நினைக்கிறே?"

காரைப் பிடுங்கிக்கொண்டது, பேஷண்டைக் கட்டில் மாற்றும்போது என்னை ஒதுக்கியது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முன்னால் நின்றது. இத்தனை நாள் இந்த மனுஷனை எவ்வளவு திட்டியிருக்கிறேன். அழுதேன். பருப்பு பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது.

"கோயமுத்தூர்ல பண்ணிக்கலாம்னாலும் சரி. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார்.

"நீங்கதான் பண்றீங்க" என்றேன். விநாயகர் சதுர்த்தி கழிந்து அடுத்த வார வியாழன் என்று முடிவாயிற்று.

ஆகஸ்ட் 14, வியாழன்

தோள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஓட்டை வழியாகவே முடிந்தது. மூன்று தடவை குறைக்கச் சொன்னார். மூன்று தடவையும் மாட்டேன் என்றேன். மத்தியானம் சேர்ந்தே சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 20, புதன்

எனக்கு மயக்க மருந்து கொடுக்கப் பல்லடத்திலிருந்து நௌஷாத் வருகிறான். படிப்பை முடித்து மூன்று வருஷம், சுத்தமான கை. போனில் எல்லாம் சொன்னேன். நூற்றுக்குக் கீழே போகாதே என்றேன். "கண்டிப்பா மேடம்" என்றான்.

கண்டிப்பா என்று சொல்வது சுலபம். தியேட்டரில் மூர்த்தியின் குரலை அவன் கேட்டதில்லை. முப்பது வருஷம் கூடக் குடும்பம் நடத்தினவளே அன்றைக்கு வளைந்து கொடுத்தேன். இவன் சின்னப் பையன், சார் சார் என்று கையைக் கட்டுகிறவன். திரை சிவக்கும், அவர் கேட்பார், இவன் குறைப்பான். நான் வாயில் குழாயோடு தூங்கிக்கொண்டிருப்பேன். வேண்டாம் என்று எனக்காகச் சொல்ல அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

மூர்த்தியிடம் இதைக் கேட்டுவிடலாமா என்று நாலு தடவை வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவர் கையில் தோளைக் கொடுக்கிறேன், அவர் வாயை நம்பவில்லை என்று எப்படிச் சொல்வது? பயமாக இருக்கிறது. இருந்தாலும் தேதியை மாற்றப்போவதில்லை.

செப்டம்பர் 3, புதன்

பிலோமினா வந்து தலையை இறுக்கப் பின்னிவிட்டார். காது வரைக்கும் இழுத்துக் கட்டிவிட்டார், கண்ணை மூட முடியவில்லை. நாளைக்குக் காலையில் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போகிறார்.

செப்டம்பர் 6, சனி

இடது கையால் எழுதுகிறேன். கோணல். ஓட்டை வழியாகவே முடிந்தது. தையல் நன்றாகப் பிடித்திருக்கிறது. கண் விழித்ததும் மூர்த்தி என்னிடம் பேரைக் கேட்டார், ஊரைக் கேட்டார், மகன் எந்தக் கம்பெனியில் இருக்கிறான் என்று கேட்டார். எல்லாம் சரியாகச் சொன்னேனாம். போதும், விரல் வலிக்கிறது.

செப்டம்பர் 9, செவ்வாய்

நான் படுத்திருப்பதால் எங்கள் கேஸுக்கு எல்லாம் நௌஷாத்தான் வருகிறான். இன்று வேலை முடித்துப் பார்க்க வந்தான். ஆரஞ்சுப் பழமும் கொண்டு வந்தான்.

"மேடம், சாரைப் பத்தி எல்லாரும் வேற மாதிரி சொன்னாங்க. எவ்வளவு பொறுமைங்க அவருக்கு."

"யாருக்கு?"

"சாருக்குத்தான். உங்களுக்கு நடுவுல நல்லா சிவந்துருச்சு. ஒண்ணுமே தெரியல. எனக்கே கை பரபரங்குது. 'சார், கொஞ்சம் குறைக்கட்டுங்களா'ன்னு நானாக் கேட்டேன். வேண்டாம்னுட்டாரு. கேமராவை ஆட்டாமப் புடிச்சுட்டு நின்னாரு. தெளிஞ்சுது, நாலு தையல் போட்டாரு, மறுபடி சிவந்துச்சு. மறுபடியும் கேட்டேன். 'நௌஷாத், எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். ப்ரஷர்ல கை வைக்காதீங்க'ன்னாரு."

அவன் போன பிறகு சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு ஆசை தீர அழுதேன். இத்தனை நாள் பயந்ததெல்லாம் இதற்காகவா என்று இருந்தது. இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்றுகூட நினைத்தேன்.

டீ வந்தது. டீ குடித்து முடிக்கும்போது உள்ளே ஏதோ நெருடியது. பீர் முகமதுக்குக் கேட்டாரே. வாத்தியாருக்கு மூன்று தடவை கேட்டாரே. செல்லாத்தாளுக்குக் கேட்டுக் கேட்டு எங்கே கொண்டுபோய் விட்டார். காத்திருக்க இவருக்குத் தெரிந்திருக்கிறது.

செப்டம்பர் 10, புதன்

காலையில் மூர்த்திதான் தலை வாரிவிட்டார். சீப்பைப் பிடிக்கத் தெரியாது, வேரோடு பிடுங்குகிறார்.

"நௌஷாத் குறைக்கட்டுமான்னு கேட்டப்ப வேண்டாம்னீங்களாம்" என்றேன்.

"ஆமா."

"ஏன்?"

"இதென்ன கேள்வி? உன் தலை மங்கை அது."

"பரோட்டா மாஸ்டர் கழுத்துக்கு மேல இருந்தது என்ன?"

சீப்பு நின்றுவிட்டது. எனக்கு முகம் தெரியவில்லை, பின்னால் நிற்கிறார். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை.

"நீ மாட்டேன்னு சொல்லிருவேன்னு தெரியும். அந்தத் தைரியத்துலதான் கேப்பேன்" என்றார். "உனக்குப் பண்ணினப்ப நீ தூங்கிட்டே. திரும்பிப் பாத்தேன். மாட்டேன்னு சொல்ல ஆள் இல்ல. அந்தப் பையன் நான் என்ன சொன்னாலும் செய்யறாப்ல நிக்கறான். உடம்பெல்லாம் நடுங்கிருச்சு எனக்கு."

"செல்லாத்தாளுக்கு நான் மாட்டேன்னு சொல்லலையே."

அன்றைக்கு அந்த அறையில் அந்த அம்மாவுக்கென்று யாருமே இல்லை. நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம், இருந்தும் இல்லை.

"எனக்குக் காத்திருந்தீங்கல்ல. அந்த நடுக்கம் எல்லாருக்கும் வேணும்" என்றேன். "நான் உள்ள இருந்தாலும் இல்லாட்டியும் வேணும். அடுத்த தோள் எப்போ?"

"அடுத்த வாரம் வியாழன். லாரி டிரைவர்."

"நான் வந்து உட்காருவேன்."

"கைக்கட்டோடயா? படுத்துக் கிடன்னு உனக்குச் சொல்லிருக்கு."

"டாக்டர் யாரு, அவரைக் கேட்டுச் சொல்லுங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பின்னலை முடித்து ரப்பர் பேண்ட் போட்டார். தளர்வாக இருந்தது, அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவதற்குள் அவிழ்ந்துவிட்டது.

செப்டம்பர் 18, வியாழன்

தியேட்டர் மூலையில் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள். லாரி டிரைவர் பேர் தங்கவேலு. நௌஷாத் தூங்க வைத்தான். நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசுவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

மூர்த்தி கை கழுவிவிட்டு வந்தார். கத்தியை வாங்கவில்லை. நௌஷாத் பக்கம் திரும்பி, "எதுக்குக் கீழே நீங்க போக மாட்டீங்க?" என்று கேட்டார்.

"நூறு சார்."

"சத்தமாச் சொல்லுங்க."

"நூத்துக்குக் கீழே போக மாட்டேன் சார்."

மூர்த்தி தலையாட்டினார். பிலோமினாவையும் சின்னராசுவையும் ஒரு பார்வை பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. "எல்லாரும் கேட்டுக்குங்க. நடுவுல நான் குறைக்கச் சொல்லுவேன். எனக்குச் சொல்லாம இருக்க வராது, பழகிப்போச்சு. நௌஷாத், நீங்க குறைக்கக் கூடாது. நான் கத்தினாலும் குறைக்கக் கூடாது."

ஆபரேஷன் பாதி ஆனபோது சிவந்தது. பை மாற்றவில்லை, ஓட்டையும் ஒழுகவில்லை. சில தோள்களில் அப்படித்தான், எவ்வளவு செய்தாலும் கசியும். திரையில் ஒன்றும் தெரியவில்லை. மூர்த்தியின் கழுத்து நரம்பு புடைத்ததை மூலையிலிருந்தே பார்த்தேன்.

"நௌஷாத், கொஞ்சம்..." என்றார்.

பையனின் கை மருந்துப் பக்கம் போயிற்று. என் வாய் வரைக்கும் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன். அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இல்ல சார்" என்றான். குரல் நடுங்கிற்று.

"சரி" என்றார் மூர்த்தி.

கேமராவை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றார். முன்பின் தெரியாத ஒரு லாரி டிரைவருக்காக, திரையைப் பார்த்துக்கொண்டு, நாங்கள் ஐந்து பேரும் காத்திருந்தோம்.